பருத்திப்பால் குவளையும் மரபணு மாற்றப் பயிரும்: எதைத் தடுத்தோம், எதைக் குடிக்கிறோம்?

சிம்மக்கல் வாசகி எழுதியது:

மாலையில் பள்ளி விட்டு வரும் வழியில் பருத்திப்பால் குடிப்பது மதுரையில் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறைப் பழக்கம். இரவு முழுவதும் ஊறவைத்த பருத்திக்கொட்டையை ஆட்டிப் பிழிந்து, கருப்பட்டியும் சுக்கும் ஏலமும் சேர்த்துக் காய்ச்சி, மேலே தேங்காய்ப்பூ தூவிக் கொடுக்கும் அந்தக் குவளையை நான் ஒருநாளும் சந்தேகித்ததில்லை. சென்ற வாரம், பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் படிக்கும் என் மகள் குவளையைக் கையில் வாங்கியபடியே, "அம்மா, நம் நாட்டுப் பருத்தியில் பெரும்பகுதி பாக்டீரியா மரபணு ஏற்றிய பி.டி. பருத்தி என்றால், இந்தக் கொட்டையும் அதுதானே?" என்று கேட்டாள். வண்டிக்காரர் அவளுக்குக் கொஞ்சம் கூடுதலாகத் தேங்காய்ப்பூ போட்டுக் கொடுத்தார். பதில் அவரிடமும் இல்லை, என்னிடமும் இல்லை.

நான் வரலாறு கற்பிக்கிறவள். பி.டி. கத்தரிக்காயை அன்றைய சுற்றுச்சூழல் அமைச்சர் ஜெய்ராம் ரமேஷ் 2010 பிப்ரவரி 9 அன்று நிறுத்திவைத்தபோது, எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் அதைப் பற்றி நாள்கணக்கில் வாதிட்டிருக்கிறோம். அன்றிலிருந்து, மரபணு மாற்றப்பட்ட உணவு எதுவும் என் அடுப்படிக்குள் வந்ததில்லை என்றே நம்பி வந்தேன். அந்த நம்பிக்கை சரிதானா? சரியில்லை என்றால் அதில் கெடுதல் ஏதும் உண்டா? கெடுதல் இல்லை என்றால் கத்தரிக்காயை மட்டும் ஏன் நிறுத்தினார்கள்? தெரிந்தவர்கள், முழக்கங்களை விடுத்து, பொறுமையாக எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒத்தக்கடை பட்டதாரி எழுதியது:

அம்மா, உங்கள் மகளின் ஐயம் சரியானது. அவரிடம் என் பாராட்டைச் சொல்லுங்கள். இந்தியாவில் பி.டி. பருத்திக்கு 2002 மார்ச்சில் அனுமதி கிடைத்தது. இன்று பருத்தி விளையும் பரப்பில் 90 சதவீதத்துக்கு மேல் அதுதான். ஆகவே கடைகளில் விற்கும் கொட்டை எந்த ஊரிலிருந்து வந்ததாக இருந்தாலும், அதில் பி.டி. கலந்திருக்கவே வாய்ப்பு அதிகம். இங்கே இன்னொரு நுட்பமும் உண்டு. உழவர் விதைப்பது வீரிய ஒட்டு விதை. அந்தச் செடியில் காய்க்கும் கொட்டையோ அடுத்த தலைமுறை. ஒரு மரபணு மட்டும் புகுத்தப்பட்ட முதல் வகையை எடுத்துக்கொண்டால், மெண்டலின் மரபியல் கணக்குப்படி அதன் கொட்டைகளில் நான்கில் மூன்றில் மட்டுமே அந்த மரபணு இருக்கும், ஒன்றில் இருக்காது. இந்தக் கணக்குக்கு வயலில் வேறொரு விளைவு உண்டு. அதை அனுபவப்பட்டவர்கள் எழுதட்டும்.

அந்த மரபணு என்ன செய்கிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். பேசில்லஸ் துரிஞ்சியென்சிஸ், சுருக்கமாக பி.டி., என்பது மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா. அது உண்டாக்கும் புரதம், காரத்தன்மை மிகுந்த புழுவின் குடலில் கரைந்து, அங்குள்ள நொதிகளால் வெட்டப்பட்டு, குடல் சுவரிலுள்ள குறிப்பிட்ட ஏற்பிகளில் ஒட்டி, அந்தச் சுவரைத் துளைக்கிறது. புழு தின்பதை நிறுத்திச் சாகிறது. நம் இரைப்பை அமிலத்தன்மை உடையது, அந்த ஏற்பிகள் நமக்கு இல்லை, புரதமும் விரைவில் செரித்துவிடுகிறது. காய்ச்சும்போதே அதன் வடிவம் சிதைந்தும் போகிறது. இதே பாக்டீரியாவை நீரில் கலந்து தெளிப்பதை இயற்கை வேளாண்மைக்காரர்களும் ஏற்கிறார்கள் என்பதை நினைவில் வையுங்கள். அனுமதிக்கு முன் பி.டி. பருத்திக்கொட்டையைப் பசு, எருமை, ஆடு, கோழி, மீன் ஆகியவற்றுக்குக் கொடுத்துச் சோதித்திருக்கிறார்கள். அந்தப் பட்டியலில் இருப்பவை எல்லாம் தொழுவமும் கூடும் குளமும்தான். கொட்டையைப் பாலாகப் பிழிந்து மனிதர்கள் குடிக்கும் ஊர் ஒன்று வைகைக் கரையில் இருக்கிறது என்பதை அந்தப் பட்டியலைப் பார்த்து ஒருவர் அறிந்துகொள்ள முடியாது.

பருத்திக்கொட்டையில் உண்மையாகவே கவனிக்க வேண்டிய பொருள், மனிதர் எவரும் புகுத்தாத, செடி தானே உண்டாக்கும் காசிபால் என்ற நச்சு. சூடேற்றும்போது அதில் ஒரு பகுதி புரதத்தோடு பிணைந்து வீரியம் குறைகிறது. அசைபோடும் கால்நடைகள் அதை நம்மைவிட நன்றாகத் தாங்கும். சீனாவில் ஒரு காலத்தில் அதை ஆண்களுக்கான கருத்தடை மருந்தாகவே சோதித்தார்கள். டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தில் கீர்த்தி ரத்தோர் என்ற இந்திய வம்சாவளி அறிவியலாளர், இலையில் காசிபாலை அப்படியே வைத்துக் கொட்டையில் மட்டும் மிகவும் குறைத்த பருத்தியை உருவாக்கினார். அமெரிக்க வேளாண்மைத் துறை 2018-லும் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் 2019-லும் அதற்கு இசைவளித்தன. அதுவும் மரபணு மாற்றப் பயிர்தான். பருத்திப்பால் குடிக்கும் ஊருக்கு அதைவிடப் பொருத்தமான பயிர் எது என்று எனக்குத் தெரியவில்லை.

கத்தரிக்காயைப் பற்றி ஒரு செய்தி. மாகிகோ என்ற விதை நிறுவனத்தின் தொழில்நுட்பத்தைக் கொண்டு கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் பி.டி. மரபணுவை ஏற்றிய நான்கு இரகங்களில் ஒன்றின் பெயர் எம்.டி.யு. 1, மதுரை 1 என்று பொருள். இந்த விவாதம் டெல்லிக்குரியது என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன்.

கரிசல்காடு எழுதியது:

ஒத்தக்கடைத் தம்பி வயிற்றைப் பற்றிச் சொன்னதை நான் மறுக்கவில்லை. நான் காட்டைப் பற்றிச் சொல்கிறேன். தே.கல்லுப்பட்டிப் பக்கம் கரிசல் நிலத்தில் என் தகப்பனார் காலத்திலிருந்து பருத்திதான். பி.டி. வருவதற்கு முன், பச்சைக் காய்ப்புழுவுக்கு எட்டு முறை, ஒன்பது முறை மருந்து அடித்த ஆண்டுகள் உண்டு. முதுகில் தெளிப்பான் சுமந்து அடித்துவிட்டு வந்து தலை சுற்றிக் கட்டிலில் விழுந்த நாள்களை நான் மறக்கவில்லை. நான் 2005 வாக்கில் முதன்முதலாக பி.டி. விதைத்தேன். முதல் சில ஆண்டுகள் காய்ப்புழுவுக்கு மருந்தே தேவைப்படவில்லை. சாறு உறிஞ்சும் பூச்சிக்கு மட்டும் மூன்று முறை அடித்தால் போதும் என்றிருந்தது. இது பொய் என்று எவராவது சொன்னால், அவர் பருத்திக் காட்டில் நின்றவரல்லர்.

பிறகு நடந்ததுதான் வேதனை. அப்போதெல்லாம் விதைப் பெட்டிக்குள் 450 கிராம் பி.டி. விதையோடு 120 கிராம் சாதாரண விதை தனிப் பொட்டலமாக வரும். அதைக் காட்டைச் சுற்றி வரிசையாக விதைக்க வேண்டும். அங்கே பிழைத்து வளரும் புழு, பி.டி.யைத் தாங்கிப் பிழைத்த புழுவோடு இணைந்தால் எதிர்ப்புத் திறன் நீர்த்துப் போகும் என்பது கணக்கு. எனக்கு விதை விற்ற கடைக்காரர் அதைப் 'போக்கிடம் நிரப்புகிற விதை' என்றார், அதாவது முளைக்காத இடத்தில் ஊன்றுவது. உறைக்குள் இருந்த தாளில் பொடி எழுத்தில் ஏதோ அச்சிட்டிருந்தது. அதை நான் படிக்கவில்லை. பொட்டலத்தைத் தொழுவத்துப் பரணில் எறிந்துவிட்டேன். நான் மட்டுமல்ல, எங்கள் ஊரில் அதை முறையாக விதைத்த ஒருவரையும் நான் பார்த்ததில்லை. இருக்கிற ஐந்து ஏக்கரில் புழுவுக்கென்று வரிசை ஒதுக்கு என்றால், அதனால் வரும் நட்டத்தை யார் தருவார்?

இளஞ்சிவப்புக் காய்ப்புழு வந்தபோது முதலில் எங்களுக்கு அடையாளமே தெரியவில்லை. பூ விரியாமல் ரோசா மொட்டைப் போல மூடிக்கொள்ளும். காய் வெளியே பார்க்கக் கல்லுப் போல இருக்கும். உடைத்தால் உள்ளே பஞ்சு கறைபட்டுக் கொட்டை அரித்துக் கிடக்கும். எங்கள் பக்கம் மானாவாரியில் புரட்டாசிப் பட்டம், கிணற்றுப் பாசனத்தில் மாசிப் பட்டம் என்று இரண்டு முறை பருத்தி போடுகிறோம். அந்தப் புழுவோ அனேகமாகப் பருத்தியை மட்டுமே தின்று வாழ்வது. ஒருவர் காட்டில் மாரை (காய்ந்த செடியை) பிடுங்குவதற்குள் அடுத்தவர் காட்டில் சப்பை (மொட்டு) வைத்துவிடுகிறது. அதற்கு வருடம் முழுவதும் விருந்து. ஆகவே நான் விதையை மட்டும் குறை சொல்லவில்லை, எங்களையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஒத்தக்கடை பட்டதாரி எழுதியது:

கரிசல்காட்டு அண்ணன் எழுதியதோடு நான் முன்பு சொன்ன மெண்டல் கணக்கைப் பொருத்திப் பாருங்கள். ஒரே காய்க்குள் நஞ்சுள்ள கொட்டையும் நஞ்சில்லாத கொட்டையும் கலந்திருப்பதால், புழு சிறிது சிறிதாக நஞ்சைத் தின்று பழகுவதற்கு அந்தக் காயே பயிற்சிக்கூடமாகிவிடுகிறது. முதல் மரபணுவைத் தாங்கும் இளஞ்சிவப்புக் காய்ப்புழு குஜராத்தில் தோன்றிவிட்டதை அந்த மரபணுவைக் கொடுத்த மான்சான்டோ நிறுவனமே 2010-இல் ஒப்புக்கொண்டது. அதற்குள், 2006-இலேயே, இரண்டு மரபணுக்கள் கொண்ட வகை வந்திருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் அதையும் புழு வென்றது. அமெரிக்காவில் இதே புழுவை, ஒதுக்கு வரிசை, மலட்டு அந்துப்பூச்சிகளை வானிலிருந்து விடுதல், பி.டி. விதை ஆகிய மூன்றையும் சேர்த்துப் பயன்படுத்தி, 2018-இல் நாட்டின் பருத்திப் பகுதிகளிலிருந்தே ஒழித்துவிட்டதாக அறிவித்தார்கள். மரபணு ஒன்றுதான், அதைச் சுற்றிச் செய்த வேலைதான் வேறு.

விளைச்சல் கணக்கையும் இரு பக்கத்தாரும் தமக்கு வேண்டிய ஆண்டில் நிறுத்திக்கொள்கிறார்கள். எக்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ பஞ்சு என்றிருந்த நாட்டின் சராசரி, 2007-08-இல் 550-ஐத் தாண்டியது. பிற்காலத்தில் 500-க்குக் கீழே இறங்கியது. ஏற்றத்தில் குஜராத்தின் புதிய பாசனத்துக்கும் உரத்துக்கும் பங்குண்டு. இறக்கத்தில் மழைக்கும் பங்குண்டு. எல்லாவற்றையும் ஒரு மரபணுவின் தலையில் ஏற்றுவது, புகழாக இருந்தாலும் பழியாக இருந்தாலும், கணக்காகாது.

மேலூர் மடை எழுதியது:

நான் எட்டு ஆண்டுகளாக இரசாயனம் இல்லாமல் நெல் விளைவிக்கிறேன். இந்த இழையில் பேசுவது நாகரிகமாக இருப்பதால் எழுதத் துணிகிறேன். "புரதம் செரித்துவிடும்" என்ற ஒரே வரியோடு உணவுப் பாதுகாப்பை முடித்துக்கொள்வது எனக்கு உடன்பாடில்லை. பிரேசில் கொட்டையின் மரபணுவைச் சோயாவில் ஏற்றியபோது, அந்தக் கொட்டை ஒவ்வாதவர்களுக்கு அந்தச் சோயாவும் ஒவ்வாது என்று 1996-இல் கண்டறிந்தார்கள். கால்நடைத் தீவனத்துக்கு மட்டும் என்று அனுமதித்த ஸ்டார்லிங்க் என்ற மரபணு மாற்ற மக்காச்சோளம், 2000-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் மனிதர் உண்ணும் தின்பண்டத்தில் கண்டுபிடிக்கப்பட்டுப் பெருமளவில் திரும்பப் பெறப்பட்டது. தீவனம் வேறு, உணவு வேறு என்று தாளில் எழுதிவைத்த கோடு அங்கேயே அழிந்தது என்றால், பருத்திக்கொட்டையை மாடும் மனிதனும் ஒரே மூட்டையிலிருந்து எடுக்கும் நம் ஊரில் அந்தக் கோடு எங்கே இருக்கிறது? சல்லிக்கட்டுக் காளைக்கு ஊறவைப்பதும் அதே கொட்டை, குவளையில் ஊற்றுவதும் அதே கொட்டை.

கத்தரிக்காயில் எனக்கு இன்னொரு அச்சமும் உண்டு. கத்தரி இந்த மண்ணின் பயிர். அதன் காட்டு உறவு இன்றும் தரிசிலும் வேலியோரத்திலும் முள்ளோடு நிற்கிறது. மகரந்தம் அதோடு கலக்கும். பருத்தியில் புழு பழகியதைப் போலக் கத்தரியில் காய்த்துளைப்பான் பழகிவிட்டாலும், மதுரையைச் சுற்றியுள்ள இரகங்களோடு எல்லாம் கலந்துவிட்ட பிறகு அந்த மரபணுவை எவரும் திரும்பப் பெற முடியாது. மென்பொருளைப் போல அதை அழித்துவிட்டு மறுபடி நிறுவ முடியாது அல்லவா?

ஒத்தக்கடை பட்டதாரி எழுதியது:

மேலூர் ஐயா, நீங்கள் சொன்ன இரண்டு நிகழ்வுகளும் உண்மை. அவற்றை நான் வேறு விதமாகப் படிக்கிறேன். பிரேசில் கொட்டைச் சோயா சந்தைக்கே வரவில்லை, சோதனையிலேயே பிடிபட்டுக் கைவிடப்பட்டது. அதாவது, தேட வேண்டியதைத் தேடினால் கிடைக்கும். அமெரிக்க தேசிய அறிவியல் கழகங்கள் 2016-இல் வெளியிட்ட பெரிய அறிக்கையும், விற்பனையில் உள்ள மரபணு மாற்ற உணவுகள் மற்ற உணவுகளைவிட ஆபத்தானவை என்பதற்குச் சான்று இல்லை என்றுதான் சொன்னது. அதே அறிக்கை, பூச்சிகளும் களைகளும் எதிர்ப்புத் திறன் பெறுவது வேளாண்மையின் பெரிய சிக்கல் என்றும் சொன்னது. கரிசல்காட்டு அண்ணன் தன் காட்டில் கண்டது அதைத்தான்.

பயனுக்கும் ஓர் எடுத்துக்காட்டு. ஹவாய்த் தீவில் வளையப்புள்ளி வைரஸ் பப்பாளித் தோட்டங்களை அழித்துக்கொண்டிருந்தபோது, கார்னெல் பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் கொன்சால்வஸும் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தாரும் சேர்ந்து உருவாக்கிய, வைரஸைத் தாங்கும் பப்பாளியை 1998-இல் உழவர்களுக்கு இலவசமாகக் கொடுத்தார்கள். அதே வைரஸ் நம் பக்கத்துப் பப்பாளித் தோட்டங்களிலும் உண்டு. வந்துவிட்டால் மரத்தை வெட்டுவதைத் தவிர வழியில்லை. வங்கதேசம் 2013 அக்டோபரில் பி.டி. கத்தரியை அனுமதித்து, 2014 சனவரியில் முதலில் இருபது உழவர்களுக்கு மட்டும் நாற்றுக் கொடுத்துத் தொடங்கியது. மாட்டுத்தாவணிச் சந்தைக்கு வரும் கத்தரிக்காய் பளபளவென்று புழுவில்லாமல் இருப்பதற்கு எத்தனை முறை மருந்து அடித்திருக்கிறார்கள் என்பதை வாங்குகிற எவரும் கேட்பதில்லை. பறிப்பதற்கு முந்திய நாள் அடித்த மருந்து நம் வயிற்றுக்குள் போவதையும் இதே தராசில் வைத்துத்தான் நிறுக்க வேண்டும்.

கீழமாசி வீதி எழுதியது:

எண்ணெய், புண்ணாக்கு, பருத்திக்கொட்டை வணிகம் செய்கிறவன் என்ற முறையில் சுருக்கமாக எழுதுகிறேன். கொட்டை மூட்டை எனக்குப் பருத்தி அரைவை ஆலையிலிருந்து வருகிறது. அதில் இரகப் பெயர் எழுதி வருவதில்லை. பல ஊர்ப் பருத்தி ஒரே அரைவையில் கலந்துவிடும். பி.டி. இல்லாத கொட்டை வேண்டும் என்று எவராவது கேட்டால், நாட்டுப் பருத்தி விதைக்கிற ஊருக்கு நேரில் போய் வாங்குங்கள் என்றுதான் சொல்ல முடியும். கேட்டவரும் இதுவரை இல்லை.

வாசகி அம்மா அடுப்படியைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். வெளிநாட்டிலிருந்து வரும் சோயா எண்ணெயில் பெரும்பகுதி மரபணு மாற்றச் சோயாவிலிருந்து பிழிந்தது. 2007-இலேயே அதற்கு அனுமதி உண்டு. சுத்திகரித்த எண்ணெயில் புரதம் அனேகமாக மிஞ்சாது என்பார்கள். கோழித் தீவனத்துக்காக 2021-இல் 12 இலட்சம் டன் மரபணு மாற்றச் சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய அரசே இடம் கொடுத்தது. டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2018-இல் 65 உணவுப் பொருள்களைச் சோதித்தபோது 21-இல் மரபணு மாற்றச் சுவடு இருந்தது. உள்நாட்டுப் பொருள்களில் அகப்பட்டவை ஐந்து, ஐந்துமே பருத்திக்கொட்டை எண்ணெய். அந்தச் செய்தியை வாசித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. நொறுக்குத் தீனிக்கு எந்த எண்ணெய் போகிறது என்பது எங்களுக்குத் தெரியும்.

கிளை நீதிமன்ற வாசல் எழுதியது:

சட்டம் பயில்கிறவன் என்பதால், இந்த இழையில் இன்னும் தொடாத பக்கத்தைத் தொடுகிறேன். இந்தியாவில் மரபணு மாற்ற உயிரிகளை ஆளும் அடிப்படை விதிகள், 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் 1989-இல் வகுக்கப்பட்டவை. அவற்றின்படி ஆய்வு நிலையில் ஒரு குழு, மத்தியில் மரபணுப் பொறியியல் குழு, மாநிலத்தில் ஒருங்கிணைப்புக் குழு, தேவைப்படும் மாவட்டங்களில் ஆட்சியர் தலைமையில் ஒரு குழு என்று படிக்கட்டு அமைத்திருக்கிறார்கள். மேல்படியில் இருக்கும் மத்தியக் குழுவின் பெயரில் 'அனுமதி' என்றிருந்த சொல்லை 2010-இல் 'மதிப்பீடு' என்று மாற்றினார்கள். கத்தரிக்காய்க்கு அக்குழு 2009 அக்டோபரில் பச்சைக்கொடி காட்டிய பிறகு, அமைச்சர் ஏழு நகரங்களில் மக்களைக் கேட்டு அதை நிறுத்திவைத்ததன் தொடர்ச்சி அது. நிறுத்தியதற்கு அவர் சொன்ன காரணங்களில் முதன்மையானது, கத்தரிக்காய் நஞ்சு என்பதல்ல. நிறுவனத்தைச் சாராத சோதனை போதவில்லை, மாநிலங்கள் ஏற்கவில்லை, மக்களின் நம்பிக்கையும் கிட்டவில்லை என்பதுதான். வாசகி அம்மாவின் மூன்றாம் கேள்விக்கு இதுவே விடை.

உணவுப் பக்கம் வந்தால், 2006-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 22-ஆம் பிரிவு, விதிமுறை அனுமதித்தாலன்றி மரபணு மாற்ற உணவைத் தயாரிக்கவோ விற்கவோ கூடாது என்கிறது. ஆனால் அந்த விதிமுறையின் வரைவே 2021 நவம்பரில்தான் வெளிவந்தது. பூட்டை 2006-இல் வாங்கிவிட்டுச் சாவி எப்படி இருக்க வேண்டும் என்று பதினைந்து ஆண்டுகள் கழித்து யோசித்த கதை. பொட்டலப் பொருள்களில் 'ஜி.எம்.' என்று முகப்பில் அச்சிட வேண்டும் என்ற எடையளவு விதி 2013 சனவரி 1 முதல் நடைமுறையில் உண்டு. அந்த எழுத்தைத் தாங்கிய எண்ணெய்ப் புட்டியை நான் ஒரு கடையிலும் கண்டதில்லை. பருத்திப்பால் பொட்டலப் பொருளே அல்ல என்பதால் அதை இந்த விதி தொடவே தொடாது. இறக்குமதியாகும் 24 வகை உணவுப் பயிர்களுக்கு மரபணு மாற்றம் இல்லை என்ற சான்று வேண்டும் என்றும், தற்செயல் கலப்பு 1 சதவீதம் வரை இருக்கலாம் என்றும் 2020 ஆகஸ்டில் ஓர் ஆணை வந்தது. துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்கு இருக்கும் இந்தக் கண்டிப்பு, உள்ளூரில் விளைகிற கொட்டைக்கு இல்லை.

கடுகு வழக்கையும் குறிப்பிட வேண்டும். டெல்லிப் பல்கலைக்கழகத்தில் தீபக் பெந்தலின் குழு உருவாக்கிய டி.எம்.எச். 11 என்ற மரபணு மாற்றக் கடுகுக்கு 2022 அக்டோபரில் இசைவு கிடைத்தது. உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் நாகரத்னா, சஞ்சய் கரோல் இருவரும் 2024 சூலை 23 அன்று அந்த இசைவு செல்லுமா என்பதில் மாறுபட்ட தீர்ப்புகள் வழங்கினார்கள். மரபணு மாற்றப் பயிர்களுக்கென்று தேசியக் கொள்கை ஒன்று வேண்டும் என்பதில் மட்டும் ஒன்றுபட்டார்கள். தன்னாட்சி பெற்ற ஒழுங்குமுறை ஆணையம் வேண்டும் என்று எம்.எஸ். சுவாமிநாதன் தலைமையிலான பணிக்குழு 2004-இலேயே பரிந்துரைத்தது. அதற்கான சட்ட முன்வரைவு 2013-இல் மக்களவையில் வைக்கப்பட்டு, அவை கலைந்தபோது காலாவதியானது.

கரிசல்காடு எழுதியது:

வக்கீல் ஐயா தாளில் இருக்கும் படிக்கட்டைச் சொன்னார். களைக்கொல்லியைத் தாங்கும் பருத்தி விதைக்கு இந்நாட்டில் அனுமதியே கிடையாது; ஆனால் மகாராஷ்டிரத்திலும் குஜராத்திலும் தெலங்கானாவிலும் அது பல ஆண்டுகளாக விளைகிறது என்பது ஊரறிந்த இரகசியம். கத்தரிக்காயைத் தடை செய்தோம் என்றீர்கள். அதுவும் 2019-இல் ஹரியானாவின் பதேகாபாத்தில் ஒரு தோட்டத்தில் காய்த்து நின்றது. முறையான பெட்டியும் இரசீதும் இல்லாமல் வாங்கும் விதை முளைக்காவிட்டால் உழவன் எவரிடமும் போய் நிற்க முடியாது. களை எடுக்க ஆள் கிடைக்காத காலத்தில் அந்த விதையை எவராவது கொண்டுவந்து நீட்டினால், வேண்டாம் என்று சொல்லும் மனவலிமை எனக்கே இருக்குமா என்று தெரியவில்லை. அதனால்தான், தடை போட்டுவிட்டோம் என்று நகரத்தில் நிம்மதி அடைவது எனக்கு வேடிக்கையாக இருக்கிறது.

மேலூர் மடை எழுதியது:

ஒத்தக்கடைத் தம்பியின் வாதத்தில் ஒரு பகுதியை ஏற்கிறேன். என் அச்சம் வயிற்றைவிட வயலைப் பற்றியது என்பது இந்த இழையை எழுதி வரும்போதே எனக்கும் தெளிவாகிறது. ஆனால் அடுத்து வருவது எங்கள் நெல். மரபணுத் திருத்தம் என்ற பெயரில், வேற்று மரபணு எதையும் சேர்க்காமல், இருக்கிற மரபணுவிலேயே வெட்டுச் செய்யும் முறைக்கு 1989-ஆம் ஆண்டு விதிகளின் முக்கியப் பகுதிகளிலிருந்து 2022 மார்ச்சில் விலக்குக் கொடுத்துவிட்டார்கள். 2025 மே மாதம் அறிவித்த இரண்டு இரகங்களில் ஒன்றான கமலா, சம்பா மசூரியைத் திருத்தியது. இருபது நாள் முந்தி அறுவடைக்கு வரும் என்கிறார்கள். சம்பா மசூரி என்றால் வேறொன்றுமல்ல, நம் பக்கத்துக் கடைகளில் ஆந்திரா பொன்னி என்று விற்கிற அதே பி.பி.டி. நெல். பெரியாற்றுக் கால்வாயில் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று காத்திருக்கிற எங்களுக்கு இருபது நாள் என்பது சிறிய செய்தியல்ல. ஆசை எனக்கும் உண்டு. அந்த நெல்லில் வேறெங்கும் தவறுதலாக வெட்டு விழவில்லை என்று பார்த்தது யார், அந்தத் தாளை நான் எங்கே வாசிக்கலாம், வெட்டும் கருவியின் காப்புரிமை எவரிடம் இருக்கிறது என்ற மூன்றையும் கேட்ட பிறகு விதைக்கிறேன் என்றால், என்னை அறிவியலுக்குப் பகைவன் என்று சொல்லாதீர்கள்.

ஒத்தக்கடை பட்டதாரி எழுதியது:

அப்படிச் சொல்ல மாட்டேன் ஐயா. அந்த மூன்று கேள்விகளையும் என் ஆசிரியர்களே கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சிம்மக்கல் வாசகி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. நேற்று மகளோடு மறுபடி வண்டிக்குப் போனேன். கொட்டையை எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டதற்கு, கீழமாசி வீதிப் பக்கம்தான் என்றார். முன்பெல்லாம் ஒரு படிக் கொட்டைக்குக் கிடைத்த பால் இப்போது கிடைப்பதில்லை, கொட்டை சிறுத்துவிட்டது, அதனால் அரிசி மாவு கொஞ்சம் கூடுதலாகக் கரைக்க வேண்டியிருக்கிறது என்று அவராகவே சொன்னார். பி.டி. என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டதில்லை. காசிபாலைப் பற்றி நான் சொல்லத் தொடங்கியதும், நன்றாகக் கொதிக்கவிட்டால் பச்சை வாடை போகும், கொதிக்காததைக் குடித்தால் வயிற்றைப் பிரட்டும் என்று அவருடைய அம்மா சொல்லிக் கொடுத்ததாகச் சொன்னார். நாங்கள் இருவரும் குடித்தோம். மகள் இதைப் பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு எடுத்துக்கொள்ளப் போகிறாளாம். மெண்டல் கணக்கைக் கொட்டைகளைக் கொண்டே காட்ட முடியுமா என்று கேட்கிறாள். பட்டதாரித் தம்பி உதவினால் மகிழ்வேன்.

கிளை நீதிமன்ற வாசல் எழுதியது:

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி ஒரு மனு வரைந்திருக்கிறேன். நம் மாவட்டத்தில் 1989-ஆம் ஆண்டு விதிகளின் கீழ் ஆட்சியர் தலைமையிலான குழு அமைக்கப்பட்டுள்ளதா, அமைக்கப்பட்டிருந்தால் அது கூடிய நாள்களும் கூட்டக் குறிப்புகளும் யாவை, பருத்திக்கொட்டையையும் அதன் எண்ணெயையும் மரபணு மாற்றத்துக்காக மாதிரி எடுத்துச் சோதித்ததுண்டா, 'ஜி.எம்.' என்று அச்சிடாத பொட்டலங்கள் மீது நடவடிக்கை எடுத்ததுண்டா என்று கேட்டிருக்கிறேன். வேறு ஏதும் சேர்க்க வேண்டுமானால் வெள்ளிக்கிழமைக்குள் எழுதுங்கள்.

கரிசல்காடு எழுதியது:

ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள் ஐயா. அந்த 120 கிராம் பொட்டலத்தை உழவர்கள் விதைத்தார்களா இல்லையா என்று, பி.டி. பருத்தி இந்த மாவட்டத்துக்கு வந்த நாளிலிருந்து இன்றுவரை, எந்த அலுவலராவது ஒரு காட்டில் இறங்கிப் பார்த்து எழுதிய குறிப்பு உண்டா என்று கேளுங்கள். என் காட்டுக்கு எவரும் வரவில்லை. பொட்டலம் பரணில்தான் கிடக்கிறது. மகள் கண்காட்சிக்கு வேண்டுமென்றால் கொடுத்தனுப்புகிறேன், மருந்து தடவிய விதை, கையுறை போட்டுத்தான் பிரிக்க வேண்டும்.